‘கோச்’சுக்காதீங்க சார்!

ராகேஷ் குமார் 12 லட்சத்து 80 ஆயிரம். மோனு கோயத் ஒரு கோடியே 51 லட்சம். பவன் ஷெராவத் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம்.

ரியல் எஸ்டேட் புரோக்கர் டைரியைத் திருடிட்டு வந்துட்டேன்னு நினைக்காதீங்க. புரோ கபடி ஏலத்தில் மனுஷர்கள் போன விலை இது. முறையே 2014, 2018, 2023. எங்க விராலிமலை டீக்கடைகளில் இதெல்லாம் பவுன் விலை மாதிரி மனப்பாடம். ‘தம்பி, ஷாத்லூயி எவ்வளவுக்குப் போனான்?’ என்று கேட்டால், டீ ஆத்துகிற கை நிற்காமல் ‘2 கோடியே 35’ என்று பதில் வரும். ஈரான்காரன் விலை விராலிமலை டீ மாஸ்டருக்குத் தெரியும்.

அதே டீ மாஸ்டரிடம், ‘அந்த டீமோட கோச்சுக்கு எவ்வளவு சம்பளம்?’ என்று கேட்டுப் பாருங்கள். டீ கீழே சிந்தும்.

ஏன்னா கோச்சுக்கு ஏலம் கிடையாது. சுத்தியல் தட்டுகிற ஆள் கிடையாது. ஏலத்தன்று மேஜையில் உட்கார்ந்து முதலாளி காதில் ‘இவனை எடுங்க, அவனை விட்டுடுங்க’ என்று கிசுகிசுக்கிறவரே அவர்தான். யார் யாருக்கோ விலை சொல்கிறவருக்குத் தன் விலை என்னவென்று வெளியே சொல்ல ஒரு போர்டு இல்லை. நான் பி.காம். படித்தவன் (அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஏன் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று என் மாமனாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்). கணக்கு நோட்டில் எந்தத் தலைப்பிலும் அடங்காததை எல்லாம் ‘இதர செலவுகள்’ என்று ஒரு மூட்டையில் கட்டுவோம். கபடி கோச் அந்த மூட்டையில்தான் ரொம்ப வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்.

இந்த விஷயத்தில் எங்க ஊர்க் காளை எவ்வளவோ தேவலை. விராலிமலை என்றால் உங்களுக்கு மயில் ஞாபகம் வரும், சாமிக்குச் சுருட்டு படைக்கிற முருகன் கோயில் ஞாபகம் வரும், கொஞ்ச வருஷமாக ஜல்லிக்கட்டும் ஞாபகம் வரும். 2019 ஜனவரியில் ஒரே நாளில் 1300க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு சாதனை என்று பதிவு பண்ணினார்கள். அங்கே சட்டம் ரொம்ப சுத்தம். மாட்டைப் பிடித்தால் பிடித்தவனுக்குப் பரிசு. பிடிபடாமல் ஓடிவிட்டால், ‘மாடு ஜெயிச்சிருச்சு, மாட்டுக்காரர் வந்து பரிசை வாங்கிக்கப்பா!’ என்று மைக்கில் கூப்பிடுவார்கள். மாட்டுக்குத் தவிட்டையும் பருத்திக்கொட்டையையும் போட்டு, மண்ணைக் குத்தப் பழக்கி, நீச்சல் விட்டுத் தயார் பண்ணினவருக்கு மேடை உண்டு. ஏழு பையன்களை அதே மாதிரி தயார் பண்ணுகிற கபடி கோச்சை மைக்கில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஆகஸ்ட் 31. முதல் புரோ கபடி ஃபைனல், மும்பையில். ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் 35, யு மும்பா 24. அன்றைக்கு ராத்திரி டிவியில் நாம் பார்த்தது யாரை? ஜெய்ப்பூர் முதலாளி அபிஷேக் பச்சனை. ஆனால் அந்த மேட்ச்சில் இன்னொரு வேடிக்கை இருந்தது. ஜெய்ப்பூரின் கோச் பேர் பாஸ்கரன். யு மும்பாவின் கோச் பேரும் பாஸ்கரன்! முன்னவர் காசிநாதன் பாஸ்கரன், நம்ம தமிழ்நாட்டுக்காரர். பின்னவர் எடச்சேரி பாஸ்கரன், கேரளாவில் கோழிக்கோடு பக்கம். வடக்கத்தி ஆட்டக்காரர்கள் நிறைந்த ஒரு ஃபைனலை, இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து நடத்தினது இரண்டு தெற்கத்திப் பாஸ்கரன்கள். அடுத்த வருஷம், 2015ல், எடச்சேரி பாஸ்கரன் மும்பைக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்துக் கணக்கை நேர் பண்ணிவிட்டார்.

2017ல் ‘தமிழ் தலைவாஸ்’ பிறந்தபோது முதல் கோச் யார் என்கிறீர்கள்? காசிநாதன் பாஸ்கரன். அவருக்கு அப்புறம்? எடச்சேரி பாஸ்கரன். (சம்பள பில்லில் இனிஷியலை மட்டும் மாற்றினால் போதும் என்று கிளார்க் சந்தோஷப்பட்டிருப்பார்.) 2019 சீசன் பாதியிலேயே இரண்டாவது பாஸ்கரன் விலகி, உதயகுமார் வந்தார். 2022 சீசன் நடுவில் உதயகுமார் போய், அஷன் குமார் வந்தார். அந்த வருஷம் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கின பவன் ஷெராவத் முதல் மேட்ச்சிலேயே முட்டியில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். இருக்கிற பையன்களை வைத்தே முதல்முறையாக செமி ஃபைனல் வரை போனார்கள். 2024ல் மறுபடி உதயகுமார். 2025ல் சஞ்சீவ் பல்யான் (2022ல் ஜெய்ப்பூரை ஜெயிக்க வைத்தவர்). ஒன்பது வருஷத்துக்குள் அந்த நாற்காலி எத்தனை பேரைப் பார்த்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நம்ம ஆபீஸில் மேனேஜர் இந்த வேகத்தில் மாறினால் ஃபேர்வெல் பார்ட்டிக்கு மிக்ஸரும் கேசரியும் வாங்கியே சங்கத்துப் பணம் தீர்ந்துவிடும்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. பெங்களூரு புல்ஸில் ரன்தீர் சிங் 2014லிருந்து 2024 வரை ஒரே நாற்காலி. ஹரியானா ஸ்டீலர்ஸ் மன்பிரீத் சிங்கை வைத்துக்கொண்டு 2024 மார்ச்சில் ஃபைனலில் தோற்றது. அவரை அனுப்பவில்லை. அதே வருஷம் டிசம்பரில் அவரே கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஒரு ஃபைனல் தோற்றவரை மறுபடி நம்பினதற்கு அந்த நிர்வாகத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

‘அதெல்லாம் டிவி கபடி, நமக்கென்ன?’ என்கிறீர்களா? நமக்கு இருக்கிறது.

எங்க தெருவில் ஒரு தம்பி. 28 வயசு. ஹைவேயை ஒட்டி இருக்கிற தொழிற்சாலை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை, ஷிஃப்ட். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று எந்த ஊர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டினாலும் லெஃப்ட் கார்னரில் அவன் நிற்பான். கணுக்காலைப் பிடித்தான் என்றால் ரைடர் செருப்பு வாங்கப் போக வேண்டியதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும் என்று அவன் ஃப்ரெண்ட்ஸ் சொல்வார்கள். போன வருஷம் ஒரு மேட்ச்சில் முட்டி ஜவ்வு கிழிந்தது. இப்போது நடக்கிறான், வேலைக்குப் போகிறான், ஆட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்ணே. நான் பேசாம கோச் ஆயிடலாமா? சோறு கெடைக்குமா?”

“உனக்குக் கோச்சிங் வருமா?” என்றேன்.

“வாங்கண்ணே, காட்டுறேன்” என்றான்.

ஸ்கூல் கிரவுண்டுக்குக் கூட்டிப்போனான். பதினைந்து, பதினாறு பையன்கள். நான் கபடியை அதுவரை ‘பிடிடா, விடாதே’ ரகமாகத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் அது ஒரு வேலை என்று புரிந்தது. ரைடர் உள்ளே வரும்போது தம்பி அவன் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்தான். “போனஸ் கோட்டைத் தாண்டி முன்னங்கால் வைக்கிறப்ப பின்னங்கால் தூக்கியிருக்கணும். அப்பத்தான் பாயின்ட். அப்ப அவன் ஒத்தைக்கால்ல நிக்கிறான். அதுதான்ணே நமக்கு நேரம்.” கார்னரில் நிற்கிற சின்னப் பையன் அவசரப்பட்டு முன்னாடியே பாய்ந்தான். ரைடர் தொட்டுவிட்டு ஓடிவிட்டான். தம்பி திட்டவில்லை. பையனை உட்கார வைத்து, “நீ பிடிச்சா போதாதுடா. கவர்ல நிக்கிறவன் வந்து சேர்ற வரைக்கும் நீ ஒருத்தனே தாங்கணும். அவன் கெளம்பிட்டானான்னு ஒரு கண்ணு வெச்சுட்டுப் பாய்” என்றான். அடுத்த தடவை பையன் அரை விநாடி பொறுத்தான். சங்கிலி போட்ட மாதிரி மூன்று பேர் விழுந்தார்கள். ரைடர் எழுந்திருக்கவே இல்லை.

அந்த அரை விநாடியைத்தான் கோச் விற்கிறார். அதை எந்தத் தராசில் நிறுப்பது?

சோறு கேள்விக்குக் கணக்குப் போட உட்கார்ந்தோம். பையன்கள் தருகிற ஃபீஸ், மாவுக்கட்டுக்கும் குளுக்கோஸுக்குமே பத்தாது. டோர்னமென்டுக்குக் கூட்டிப்போனால் நுழைவுக் கட்டணம், வேன் வாடகை, ராத்திரி புரோட்டா. ஜெயித்தால் பரிசுப் பணத்தை ஆட்டக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கோச்சுக்கு ஒரு பங்கு என்பது அவர்கள் மனசைப் பொறுத்தது. இதையெல்லாம் விடப் பெரிய செலவை நான் எழுதவில்லை, அவன்தான் சொன்னான். “மின்னொளின்னா விடியக் காலைலதாண்ணே முடியும். ஆறு மணி ஷிஃப்டுக்குப் போக முடியாது. அன்னைக்குச் சம்பளம் கட்.”

இதைக் கேட்டதும் எனக்கு எங்கேயோ படித்த ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் ரக்பி என்று ஒரு ஆட்டம், தெரியும்தானே? முட்டை மாதிரி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான், எதிராளிகள் இடுப்பைப் பிடித்துக் கவிழ்ப்பார்கள். நம்ம கபடிக்குத் தூரத்துப் பங்காளி. வடக்கு இங்கிலாந்தில் இதை ஆடினவர்கள் பெரும்பாலும் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமையும் வேலை. மேட்ச்சுக்குப் போனால் சம்பளம் கட். ‘வெட்டுப்படுகிற சம்பளத்தை மட்டும் கொடுங்க’ என்று கிளப்புகள் கேட்டன. லண்டன் துரைமார்கள், ‘ஆட்டத்துக்குப் பணமா? சீச்சீ!’ என்றார்கள். துரைகளுக்கு சனிக்கிழமை ஷிஃப்ட் கிடையாது, அதனால் சொல்வது சுலபம். 1895 ஆகஸ்ட் 29ம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்டு என்கிற ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்தி கிளப்புகள் கூடித் தனிக்குடித்தனம் போனார்கள். வேலை போன நாளுக்கு அதிகபட்சம் 6 ஷில்லிங் என்று வைத்தார்கள். அந்தத் தனிக்குடித்தனத்துக்குப் பிற்பாடு வந்த பேர்தான் ரக்பி லீக். ஒரு ஆட்டமே இரண்டாகப் பிளந்தது சாமிக்காகவோ சாதிக்காகவோ இல்லை. ஒரு நாள் சம்பளத்துக்காக!

இன்னொன்றும் சொல்கிறேன். 1898ல் ‘முழுசாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆடலாம், ஆனால் வெளியே ஒரு உருப்படியான வேலையும் இருக்க வேண்டும்’ என்று சட்டம் போட்டார்கள். அங்கே ஆடுவதற்கு வேலை வேண்டும். இங்கே வேலைக்காக ஆடுகிறோம். ரயில்வே, போலீஸ், பேங்க் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நுழைவதற்குத்தான் நம்ம ஊரில் பாதிப் பேர் ஜட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோட்டைத் தொடுகிறார்கள். தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது ஆடிக் காட்டினவனுக்கு. ஆடக் கற்றுக்கொடுத்தவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அந்த ரக்பி லீக்கில் ஒரு கோச் இருக்கிறார். வேன் பென்னட், ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து மாநிலம். ஆரம்பத்தில் போலீஸ்காரர். 1988ல் பிரிஸ்பேன் பிராங்கோஸ் என்ற புது டீம் ஆரம்பித்தபோது முதல் கோச். அந்த ஒரே டீமுக்கு ஆறு கோப்பை. 2010ல் இன்னொரு டீமுக்குப் போய் அங்கேயும் ஒன்று. ஆக ஏழு. மனுஷன் பேட்டியில் பேசவே மாட்டார். நிருபர்கள் கேள்வி கேட்டால் நம்ம சப்-இன்ஸ்பெக்டர் மாதிரி முறைப்பார். இவ்வளவு செய்தவரை, அவர் மறுபடி வந்து பணியாற்றிக்கொண்டிருந்த அதே பிராங்கோஸ், 2018 டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பியது. ஏழு கோப்பைக்காரருக்கே அந்தக் கதி. ஆனால் ஒரு வித்தியாசம். அவர் வேறு டீமுக்குப் போனார், அங்கிருந்து இன்னொன்று, 2025ல் 75 வயசில் மறுபடி சவுத் சிட்னிக்குக் கோச். ஒரு வாசல் மூடினால் அடுத்த வாசல் இருக்கிறது, வாடகை வருகிறது. தொழில் என்றால் அதுதானே? வேலை போகாமல் இருப்பதில்லை சார், போனால் அடுத்தது கிடைப்பது.

நம்ம நாட்டில் அந்த அடுத்த வாசல் சில சமயம் நாட்டுக்கு வெளியே திறக்கிறது. நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்கிற அம்மாள். வருஷக்கணக்காகப் பெண்களுக்குக் கபடி சொல்லிக் கொடுத்தவர். இந்திய டீமுக்குக் கோச்சாக வேண்டும் என்று ஆசை, நடக்கவில்லை. ஈரான் கூப்பிட்டது. போனார். சுத்த சைவம், பாஷை தெரியாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, பெண்கள் ஃபைனல்: ஈரான் 27, இந்தியா 24. அதற்கு முந்தின நாள்தான் நம்ம ஆண்கள் டீமும் செமி ஃபைனலில் ஈரானிடம் 18க்கு 27 என்று தோற்றிருந்தது. 1990லிருந்து ஒரு தடவை கூட தங்கத்தைத் தவறவிடாத டீம்! ஆண்கள் தோற்றதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பெண்கள் தோற்றதற்கு ஒரே வரி போதும்: நாம் வேண்டாம் என்று வைத்திருந்த கோச்சை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். (ஹாங்ஜோவில் 2023ல் இரண்டு தங்கத்தையும் திரும்ப வாங்கிவிட்டோம், அது தனிக் கதை. பெண்கள் ஜெயித்தது ஒரே ஒரு பாயின்டில்.)

கோச்சுக்கு நாம் கொடுக்கிற பெரிய விருதின் பேர் துரோணாச்சாரியா. 1985லிருந்து கொடுக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான பேர்தான். மகன் அசுவத்தாமனுக்குப் பால் வாங்கக் காசில்லாமல், அவன் மாவு கரைத்த தண்ணீரைப் பாலென்று குடித்ததைப் பார்த்து நொந்துபோய், பழைய சிநேகிதன் துருபதனிடம் போய் அவமானப்பட்டு, கடைசியில் அஸ்தினாபுரம் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்த மனுஷன் அவர். ஏகலைவனிடம் கிளாஸே எடுக்காமல் ஃபீஸ் மட்டும் வாங்கினதுதான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. மாவுத் தண்ணீரை மறந்துவிட்டோம்.

2020ல் விருதுத் தொகைகளை உயர்த்தினார்கள். அர்ஜுனாவுக்கு 15 லட்சம், துரோணாச்சாரியாவுக்கு 10 லட்சம். சிஷ்யனுக்கு 15, குருவுக்கு 10! வாழ்நாள் சாதனை என்று கொடுத்தால் மட்டும் குருவுக்கும் 15. அதாவது தலை நரைத்தால் சிஷ்யனுக்குச் சமம். நம்ம எடச்சேரி பாஸ்கரனுக்கு அந்த வாழ்நாள் துரோணாச்சாரியா கிடைத்தது 2023க்கான பட்டியலில். 2014ல் முதல் ஃபைனலில் ஓரமாக உட்கார்ந்திருந்தவரை ராஷ்டிரபதி பவனில் கூப்பிட்டுக் கொடுத்தபோது, எங்க டீக்கடையில் நான்தான் அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தேன். யாரும் விலை கேட்கவில்லை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். இருக்கிறது, 1961லிருந்து. மகாராஜா அரண்மனையில் நடக்கிற இன்ஸ்டிடியூட். கோச்சிங் டிப்ளமா ஒரு வருஷம். அதைத் தவிர ஆறு வாரத்து சர்ட்டிபிகேட் கோர்ஸும் உண்டு. கையில் ஒரு பேப்பர் இல்லாமல் இந்தத் தொழிலில் ஸ்கூலோ அகாடமியோ உள்ளே விடாது. ஒரு வருஷம் சம்பளமில்லாமல் பாட்டியாலாவில் சப்பாத்தி சாப்பிட வீட்டில் கஷ்டம் என்றால் ஆறு வாரத்தில் ஆரம்பி. வேலையை மட்டும் இப்போது விடாதே. 1898 சட்டம் ஞாபகம் இருக்கட்டும்.

“அண்ணே, சேரலாதன் அண்ணன் மாதிரி ஆக முடியுமாண்ணே?” என்றான்.

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதனைச் சொல்கிறான். 2016ல் 41 வயசில் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கினவர். அதே வருஷம் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய டீமிலும் இருந்தார். 44 வயசிலும் கோட்டுக்குள் இறங்கினார். நமக்கெல்லாம் அந்த வயசில் மாடிப்படி ஏறினால் பெருமூச்சு வருகிறது. 2024ல் தமிழ் தலைவாஸுக்கு உதயகுமாரோடு சேர்ந்து வியூகக் கோச்சாக வந்தார். ஆடுகிறவர்கள் எல்லாரும் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்களாம், ஹரியானாக்காரர்கள் உட்பட.

“அவருக்கு 44 வயசு வரைக்கும் முட்டி இருந்துச்சு. உனக்கு 28ல போயிருச்சு. நீ பதினாறு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கிற, அவ்வளவுதான்” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சூப்பர்வைசரிடம் பேசி, காலை ஷிஃப்டை மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். இப்போது காலை ஐந்தரைக்கு கிரவுண்டில் விசில் கேட்கிறது. எங்க தெருவில் அலாரம் வைக்கிற வழக்கமே போய்விட்டது. மயிலுக்கும் அவன் விசிலுக்கும் போட்டி.

போன வாரம் பையன்கள் சேர்ந்து ஒரு போட்டி நடத்த ஏற்பாடு பண்ணினார்கள். 60 கிலோ எடைப்பிரிவு. போஸ்டர் வாசகம் எழுத என்னிடம் வந்தார்கள் (எழுத்தாளர் என்றால் ஊரில் இதற்குத்தான்). முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை வழங்குபவர், ஒலி-ஒளி அமைப்பு, பந்தல், குடிநீர் உபயம். எல்லாருக்கும் போட்டோவோடு இடம். கடைசியில் ‘பயிற்சியாளர்’ என்று அவன் பேரைச் சேர்த்தேன். பிரஸ்காரர் மெஷர்மென்ட் பார்த்துவிட்டு, “சார், ஒரு லைன் கூடுது. எதை எடுக்கட்டும்?” என்றார். பையன்களுக்குள் பெரிய விவாதம். குடிநீர்க்காரர் கோவித்துக்கொள்வார், பந்தல்காரர் அடுத்த வருஷம் பந்தல் தர மாட்டார்.

கடைசியில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்கிற வரியை எடுத்துவிட்டார்கள்.